இருளில் வந்த புகைவண்டி

1955ஆம் ஆண்டு சனவரித் திங்கள். அமெரிக்க நாட்டின் வர்சீனியா மாநிலத்தில் ஸ்டான்டன் என்னும் சிறு நகரத்திற்கு, நியூயார்க்கைச் சேர்ந்த புகைப்படக் கலைஞர் வின்ஸ்டன் லிங்க் தொழில் நிமித்தமாக வந்திருந்தார். ஒருநாள் வேலை முடிந்ததும், கடுங்குளிரையும் பொருட்படுத்தாது, ஏறக்குறைய பன்னிரண்டு மைல் தொலைவிலிருந்த வேய்ன்ஸ்பரோ நிலையத்திற்குக் காரைச் செலுத்தினார். நீராவி எஞ்சின் பூட்டிய புகைவண்டியைக் காண வேண்டும் என்பதே அவர் ஆசை. நாற்பது வயது நிரம்பியவருக்கு இது சிறுபிள்ளை ஆசை அன்றோ என நாம் நகைக்கலாம். ஆனால் அவ்வாசைக்குக் காரணம் இருந்தது.

அந்நாளில் அமெரிக்க இருப்புப்பாதைகளில் பெரும்பாலானவை டீசல் எஞ்சினுக்கு மாறிவிட்டன. நார்போக் அண்டு வெஸ்டர்ன் என்னும் கம்பெனியோ நீராவியைக் கைவிடாதிருந்தது. நிலக்கரி விளையும் மலைநாட்டின் ஊடே அதன் பாதை சென்றது; ரோனோக் நகரில் அது தன் எஞ்சின்களைத் தானே செய்துகொண்டது. ஆயினும் அதற்கும் முடிவு நெருங்கிவிட்டது என்பதை லிங்க் உணர்ந்தார். மறுநாள் இரவே காமிராவுடனும் மின்வெட்டுப் பல்புகளுடனும் அந்நிலையத்திற்கு மீண்டும் சென்று படம் எடுத்தார்.

பகலை விடுத்து இரவை ஏன் நாடினார்? கதிரவன் புகைப்படக்காரனின் ஏவலுக்குக் கட்டுப்படுவதில்லை. இருப்புப்பாதையையும் இடம் மாற்ற இயலாது. இரவிலோ ஒளி முழுவதும் அவர் கைவசமாகும். குளிர்காலத்தில் இன்னொரு நன்மையும் உண்டு. எஞ்சின் விடும் நீராவி, குளிர்ந்த காற்றில் பட்டவுடன் வெண்முகிலாகத் திரளும்; கரிய வானத்தின் முன் அது பஞ்சுப் பொதிபோல் ஒளிரும்.

கம்பெனியார் இசைவளித்தபின், 1960 வரை ஏறத்தாழ இருபது முறை அவர் நியூயார்க்கிலிருந்து அம்மலைநாட்டிற்குப் பயணம் செய்தார். ஒரு படத்துக்கு நாற்பதுக்கு மேற்பட்ட பல்புகள் தேவைப்பட்டதும் உண்டு. அவற்றை ஏற்ற இடங்களில் நிறுத்தி, நீண்ட கம்பிகளால் ஒரே தொடராக இணைப்பார். இணைப்பு ஒன்று நெகிழ்ந்தாலும் ஒரு பல்பும் எரியாது. விரல்கள் விறைக்கும் குளிரில் ஒவ்வோர் இணைப்பையும் சோதிப்பது எளிய செயலா? ஒருமுறை எரிந்த பல்பு மீண்டும் பயன்படாது. கடந்துபோன வண்டியும் அவருக்காகத் திரும்பி வராது. பல மணி நேர உழைப்பு முழுவதும் ஒரு கண்ணிமைப் பொழுதை நம்பியிருந்தது. அப்பொழுது தவறினால், மறுநாள் இரவு எல்லாவற்றையும் முதலிலிருந்தே தொடங்க வேண்டும்.

படம் ஊமை; எஞ்சினுக்கோ குரல் உண்டு. ஆகவே அவர் ஒலிப்பதிவுக் கருவியையும் உடன் கொண்டு சென்றார். 1957ஆம் ஆண்டு டிசம்பர் 24ஆம் நாள் இரவு, ரூரல் ரிட்ரீட் என்னும் சிற்றூர் நிலையத்தில் அதனை வைத்துக் காத்திருந்தார். மாதாகோயில் மணிகளில் கிறிஸ்துமஸ் கீதம் எழுந்தது. அதனிடையே புகைவண்டி வந்து நின்றது. சிறிது பொழுதில் பெருமூச்செறிந்து புறப்பட்டது.

1960இல் அப்பாதையில் நீராவி வண்டிகளின் ஓட்டம் முடிவுற்றது. ரோனோக்கின் பழைய புகைவண்டி நிலையத்தில், 2004 முதல், அவர் எடுத்த படங்களுக்கென்றே ஒரு காட்சிச்சாலை உள்ளது. ரூரல் ரிட்ரீட்டில் அன்றிரவு பதிவான ஒலியையும் இன்று கேட்கலாம். மணியோசை ஒலித்துக்கொண்டிருக்க, சக்கரங்களின் ஓசை மெல்ல மெல்லத் தொலைவில் தேய்கிறது.