பூ வந்து சேர்ந்ததா?

வெளியூரில் இருக்கும் யாருக்காவது ஒரு பூச்செண்டு அனுப்ப வேண்டுமென்று உங்களுக்கு எப்போதாவது தோன்றியிருக்கிறதா? தோன்றியிருந்தால் நீங்கள் என் கட்சி. தோன்றாவிட்டாலும் பாதகமில்லை; இதைப் படித்து முடித்தபின் தோன்றினாலும் தோன்றலாம். எதற்கும் உங்களுக்கு வேண்டியவர்களுடைய விலாசத்தைப் பக்கத்தில் எடுத்து வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

இந்தக் காலத்தில் பூ அனுப்புவதைப்போலச் சுலபமான காரியம் கிடையாது என்றுதான் நானும் நினைத்தேன். சாய்வு நாற்காலியில் படுத்தபடியே செல்போனை நாலு தட்டுத் தட்டினால் தீர்ந்தது. பணம் நம்மிடமிருந்து போய்விடும். பூ அவர்களிடம் போய்விடும். முதல் பாதி தவறாமல் நடக்கும். இரண்டாவது பாதியைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

மதுரையில், வடக்கு மாசி வீதியை ஒட்டிய ஒரு சந்தில் என் அக்கா இருக்கிறாள். பள்ளிக்கூட ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். பிள்ளைகள் வெளியூரில். அத்தான் காலமாகிப் பதினோரு வருஷம் ஆகிறது. போன வருஷம் சித்திரை மாதம் அவளுக்கு எழுபத்தொன்பது நிறைந்தது. சென்னையிலிருந்தபடியே செல்போனைத் தட்டி, பன்னிரண்டு ரோஜாப் பூக்கள் கொண்ட ஒரு செண்டுக்கு ஏற்பாடு செய்தேன்.

செண்டு மறுநாள் மத்தியானம் போய்ச் சேர்ந்தது. சித்திரை வெயிலில் எந்தத் தெருவையெல்லாம் சுற்றியதோ, பன்னிரண்டு ரோஜாவும் பரீட்சையில் தேறாத பிள்ளைகளைப்போலத் தலையைத் தொங்கப் போட்டிருந்தனவாம். அதோடு போயிற்றா? கூட ஒரு வாழ்த்து அட்டை. அதில், "இல்லறத்தில் அடியெடுத்து வைக்கும் புதுமணத் தம்பதிகளுக்கு வாழ்த்துக்கள்!" என்று அச்சடித்திருந்தது.

அக்கா டெலிபோனில் கூப்பிட்டாள். "தம்பி, பூ வந்தது. ரொம்ப சந்தோஷம். மாப்பிள்ளை யாருன்னுதான் எழுதலே" என்றாள்.

இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். சிரித்து ஓய்ந்த பிறகு அக்கா சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "என்ன இருந்தாலும் அந்தப் பூவிலே வாசனையே இல்லேடா" என்றாள்.

அந்த ஒரு வார்த்தை என்னை விடவில்லை. பூ அனுப்புவது என்றால் என்ன என்று ஆராய ஆரம்பித்தேன்.

ஆராய்ந்ததில் ஒரு வேடிக்கை தெரிந்தது. வெளியூருக்குப் பூ அனுப்புகிற தொழிலைக் கண்டுபிடித்தவர்கள் பூவை அனுப்பவே இல்லை! 1908-ஆம் வருஷம் ஜெர்மனியில் பெர்லின் நகரத்துப் பூ வியாபாரி மாக்ஸ் ஹூப்னர் என்பவர் ஒரு யோசனை செய்தார். ரயிலில் ஏற்றினால் பூ வாடும். ஆனால் சேதி வாடாதல்லவா? ஆகவே இந்த ஊர்ப் பூக்கடைக்காரர் அந்த ஊர்ப் பூக்கடைக்காரருக்குச் சேதி சொல்லுவது; அவர் தம் கடையிலுள்ள புதுப் பூவைக் கட்டி, தம் ஊர் ஆள் மூலம் வீட்டில் சேர்ப்பிப்பது; பணத்தைப் பிறகு தங்களுக்குள் கணக்குத் தீர்த்துக்கொள்வது. 1910-ல் அமெரிக்காவிலும் பூ வியாபாரிகள் கூடி, தந்தி மூலம் சேதி சொல்லிப் பூ சேர்ப்பிக்கும் சங்கம் ஒன்று அமைத்தார்கள்.

இதில் அடங்கிய சூட்சுமம் என்னவென்றால், பூ நல்லபடியாகப் போய்ச் சேருவது அனுப்புகிறவன் கையில் இல்லை. அந்த ஊரில் கட்டிக் கொடுக்கிற கையில் இருக்கிறது. அந்தக் கை யாருடையது என்று தெரிந்துகொள்ளாமல் பணம் கட்டியதுதான் நான் செய்த பிசகு.

இந்த வருஷம் பங்குனியில் ஒரு கல்யாணத்துக்காக மதுரைக்குப் போக நேர்ந்தது. அக்காவுக்கு எண்பது நிறைய இன்னும் ஒரு மாதம் இருந்தது. 'அந்தக் கையைக் கண்டுபிடிக்காமல் திரும்புவதில்லை' என்று சங்கற்பம் செய்துகொண்டு பாண்டியன் எக்ஸ்பிரஸில் ஏறினேன்.

விடியற்காலையில் இறங்கியதும், பெட்டியை அக்கா வீட்டில் வைத்துவிட்டு நேரே மாட்டுத்தாவணிக்குப் போனேன். பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில்தான் பூ மார்க்கெட். வழி கேட்கத் தேவையில்லை. மூக்கைப் பிடித்துக்கொள்ளாமல் நடந்தால் போதும், அதுவே அழைத்துக்கொண்டு போய்விடும். பூக்கடைக்கு விளம்பரம் வேண்டாம் என்று பெரியவர்கள் சொன்னது இதைப் பார்த்துத்தான் இருக்க வேண்டும்.

உள்ளே நுழைந்தால் ஒரே இரைச்சல். ஒரு பக்கம் செவ்வந்தியும் கோழிக்கொண்டையும் மலைமலையாய்க் குவிந்திருக்கின்றன. இன்னொரு பக்கம் சம்பங்கி, அரளி, மரிக்கொழுந்து, துளசி. பிச்சியும் முல்லையும் கனகாம்பரமும் தனித் தனிக் கடைகளில். ஆனால் அத்தனைக்கும் ராணி மல்லிகைதான். திருமங்கலம், உசிலம்பட்டி, நிலக்கோட்டைப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து மூட்டை மூட்டையாக வந்து இறங்கிக்கொண்டிருந்தது. முகூர்த்த நாளில் கிலோ ஆயிரக் கணக்கில் விலை ஏறும். மார்கழி, தை மாதப் பனியில் செடி பூக்க மறுக்கும்போது இன்னும் ஏறும். எல்லாத் தோட்டமும் ஒரே சமயத்தில் பூத்துக் குலுங்கினாலோ விலை சரிந்து விழும். மிஞ்சியது வாசனைத் திரவியத் தொழிற்சாலைக்குப் போகும்.

ஒரு மூட்டையைப் பிரித்துக் காட்டச் சொன்னேன். எனக்கு ஒரே ஏமாற்றம். "என்ன இது, ஒரு பூவாவது மலரவில்லையே?" என்று கேட்டேன்.

வியாபாரி சிரித்தார். "மலர்ந்த பூவை வச்சுக்கிட்டு என்னங்க பண்றது? சூரியன் ஏறுமுன்னே மொட்டாப் பறிச்சிடணும். பகலெல்லாம் பிரயாணம் பண்ணி, சாயங்காலம் போய்ச் சேர்ந்த இடத்திலேதான் அது மலரணும்" என்றார்.

அவர் சொன்னதில் எவ்வளவு விஷயம் அடங்கியிருக்கிறது பாருங்கள்! மதுரை மல்லியின் இதழ் தடித்தது, காம்பு நீண்டது. அதனால் தொடுப்பதற்கு வாகாக இருக்கும், சட்டென்று வதங்காது. இந்தப் பெருமைக்காக 2013-ல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அதே 2013-ல்தான் நம் நாட்டில் தந்தி நின்றுபோயிற்று என்பது தற்செயலான விஷயம். அந்த மொட்டுகளைத் தெர்மாக்கோல் பெட்டியில் பனிக்கட்டியோடு அடைத்து விமானம் ஏற்றுகிறார்கள். மதுரைச் சீமையில் பறித்த மொட்டு சிங்கப்பூரிலும் துபாயிலும் யாரோ ஒரு தமிழ்ப் பெண்ணின் கூந்தலில் போய்க் கண் விழிக்கிறது.

அடுத்தபடியாக நகரத்துக்குள் பூச்செண்டு கட்டும் கடை ஒன்றுக்குப் போனேன். கடைக்காரர் இளைஞர். ஒளிவு மறைவு இல்லாமல் எல்லாவற்றையும் சொன்னார். அவர் கடையிலிருந்த ரோஜாவும் ஜெர்பராவும் ஓசூர்ப் பக்கத்தில் பெரிய பெரிய கூடாரங்களுக்குள் வளர்ந்தவை. கார்னேஷன் நீலகிரியிலிருந்து வந்தது. பிப்ரவரி 14-ஆம் தேதி நெருங்கினால் ஓசூர் ரோஜா கடல் கடந்தும் போகுமாம். பறித்தது முதல் குளிர் அறையில் வைத்து, வாளித் தண்ணீரில் காம்பை நனைத்தபடியே கொண்டு வருகிறார்கள். நெடுந்தூரம் தாங்குவதற்கென்றே தேர்ந்தெடுத்து வளர்த்த ஜாதிகள் இவை. ஆயுளைக் கொடுத்தவர்கள் வாசனையை வாங்கிக்கொண்டுவிட்டார்கள். அக்கா சொன்னதன் காரணம் எனக்கு அப்போதுதான் விளங்கிற்று.

அந்த இளைஞர் சொல்லிக் கொடுத்த சில யோசனைகளை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். உள்ளூர்க் கடையின் டெலிபோன் எண்ணைத் தேடிப் பிடித்து, அவர்களிடம் நேரில் பேசுங்கள். "இன்றைக்கு என்ன பூ புதிதாக வந்திருக்கிறது?" என்று கேட்டு, அதையே கட்டச் சொல்லுங்கள். விலாசத்தோடு வீட்டு அடையாளமும், வாங்கிக்கொள்கிறவரின் எண்ணும் அவசியம். கோடை காலமானால் வெயில் ஏறுமுன்போ, தாழ்ந்த பிறகோ கொண்டுபோகச் சொல்லுங்கள். அட்டையில் எழுத வேண்டிய வாசகத்தைக் கடைக்காரரைத் திருப்பிப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். (புதுமணத் தம்பதிகளை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்!)

செண்டு உங்கள் வீட்டுக்கு வந்தால், காம்புகளின் நுனியை ஓர் அங்குலம் சாய்வாக வெட்டிவிட்டு உடனே தண்ணீரில் வையுங்கள். தினம் தண்ணீரை மாற்றுங்கள். இன்னொன்று: விசேஷ வீடுகளில் செண்டைக் கொண்டுபோய் வாழைப்பழத் தட்டுக்குப் பக்கத்தில் வைக்கிறோமே, அது கூடாது. பழுக்கிற பழத்திலிருந்து எதிலீன் என்ற வாயு வெளிவரும். பழம் பழுப்பதற்கு உதவுகிற அதே வாயு, பூவை, முக்கியமாகக் கார்னேஷனைச் சீக்கிரம் வாட வைத்துவிடும்.

இவ்வளவும் தெரிந்துகொண்டு, அந்த இளைஞரிடமே ஒரு செண்டுக்குச் சொல்லிவிடலாம் என்ற எண்ணத்தோடு சாயங்காலம் வீடு திரும்பினேன். அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். தெருமுனையில் "பூவே... மல்லியப் பூவே!" என்று ஒரு குரல் கேட்டது. பூக்காரி கூடையோடு வந்தாள். எதிர் வீட்டில் ஒரு முழம், அடுத்த வீட்டில் இரண்டு முழம் என்று அளந்துகொண்டே வந்தவள், அக்கா வீட்டு வாசலை மட்டும் விறுவிறு என்று தாண்டிப் போனாள்.

"பார்த்தியா?" என்றாள் அக்கா. "முன்னெல்லாம் முதல் போணி நம்ம வீட்டிலேதான். அவர் போனதிலேயிருந்து அவ இந்த வாசல்லே நிக்கிறதில்லை. அவமேலே தப்பு இல்லை, ஊர் வழக்கம். தலையிலே வைக்காட்டா என்ன? வாசனைக்குக் காசு கேக்கவா போறா? அவ தாண்டிப் போற வரைக்கும் ஜன்னலைத் திறந்து வச்சுக்குவேன்."

நான் ஒன்றும் பதில் பேசவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு தெருமுனைக்கு ஓடினேன்.

விஷயத்தைச் சொன்னதும் பூக்காரி கூடையை இறக்கி வைத்துவிட்டாள். "டீச்சரம்மாவுக்கு நான் எப்படிங்கண்ணே பூக் குடுக்கிறது? வாசல்லே நின்னா அவங்க மனசு நோகுமேன்னுதானே கால் நிக்காமப் போறேன்! என் மகனுக்கு அனா ஆவன்னா சொல்லிக் குடுத்தவங்க" என்றாள்.

பதினோரு வருஷமாக இவள் ஓடியிருக்கிறாள். அவள் ஜன்னலைத் திறந்து வைத்திருக்கிறாள்!

"தலைக்கு வேண்டாம், பூச்செண்டாகக் கட்டித் தர முடியுமா?" என்று கேட்டேன்.

அவள் முகம் மலர்ந்தது. "கல்யாணப் பொண்ணு கையிலே புடிக்கிறதுக்குக் கட்டுறோமே, அதுதானே? அது கையிலே புடிக்கிற பூ, கொண்டையிலே வைக்கிற பூ இல்லை. யாருக்கும் குடுக்கலாம். நல்ல மொட்டாப் பார்த்து, நடுவிலே மரிக்கொழுந்து வச்சு, நானே கட்டிக் கொண்டாறேன்" என்றாள். பூச்செண்டு சீமையிலிருந்து வந்த வழக்கம் என்று எண்ணிக்கொண்டிருந்த எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. பணம் கொடுத்தேன். பாதியைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

சித்திரை மாதம் அக்காவின் பிறந்த நாளன்று நான் சென்னையில் இருந்தேன். மாலை ஆறு மணியிலிருந்து டெலிபோனைப் பார்த்தபடி இருந்தேன். எட்டு மணிக்குத்தான் கூப்பிட்டாள்.

"அக்கா, பூ வந்து சேர்ந்ததா?"

"வந்ததுடா. மொட்டா வந்தது. பேசிக்கிட்டிருக்கும்போதே ஒவ்வொண்ணா மலர்ந்து, இப்ப வீடெல்லாம் வாசனை. அவளை உள்ளே கூப்பிட்டு உட்கார வச்சுக் காப்பி கொடுத்தேன். ரெண்டு மணி நேரம் பேசிட்டு இப்பத்தான் போறா. மத்த வீட்டுக்காரங்க எல்லாம் இன்னிக்குப் பூவில்லாம என்னைத் திட்டப் போறாங்க!"

சிரித்தாள். பிறகு, "நாளைக்கு வரும்போது ஒரு முழம் தொடுத்துக் கொண்டுவரச் சொல்லியிருக்கேன்" என்றாள்.

"யாருக்கு அக்கா?"

"எனக்குத்தான். எண்பது வயசுக்கப்புறம் நான் யாரைக் கேக்கணும்?"

நேயர்களே, நீங்கள் விலாசத்தை எடுத்து வைத்துக்கொண்டீர்கள் அல்லவா? அந்த விலாசத்துக்குப் பக்கத்தில் கூடையோடு போகிறவள் யார் என்பதையும் விசாரித்துக் குறித்துக்கொள்ளுங்கள்.