பழைய ரிப்போர்ட்டைக் கேள்

தம்பி, பதினெட்டு வயதுப் பையன் வந்து உட்கார்ந்து, "போன வருஷத்தைவிட இப்போ காது மந்தமா இருக்கு டாக்டர்" என்றால், உன் கை காது மெஷினுக்குச் சீட்டு எழுதத்தான் நீளும். மெஷின் வேண்டியதுதான். ஆனால், கேட்பு ஏன் இறங்கிக்கொண்டே போகிறது என்று நீதான் தேடவேண்டும்.

முதலில் பழைய ஆடியோகிராமைக் கேள். கிழிந்திருந்தாலும் சரி, டீக்கறை பட்டிருந்தாலும் சரி. இன்றைய தாளோடு வைத்துப் பார்த்தால்தான் கேட்பு மெல்லத் தேய்ந்ததா, திடீர் திடீரென்று விழுந்ததா என்று புரியும். விழுந்திருந்தால், அதற்கு முன்னால் என்ன நடந்தது என்று அம்மாவிடம் விசாரி. "பந்து தலையில பட்டுச்சு, மறுநாளே சரியா கேக்கலைன்னான்" என்பார். உள்காதை ஒட்டிய வெஸ்டிபுலர் அக்விடக்ட் என்னும் மெல்லிய எலும்புக் குழாய் சிலருக்குப் பிறவியிலேயே அகன்றிருக்கும். நடுவில் 1.5 மில்லிமீட்டரைத் தாண்டினாலே அகலம்தான். இவர்களுக்குத் தலையில் சின்ன அடி பட்டாலும் கேட்பு சட்டென்று இறங்கலாம். சி.டி. ஸ்கேனில் பிடிபட்டுவிடும். கழுத்தையும் தொட்டுப் பார். தைராய்டு வீங்கியிருந்தால் பெண்ட்ரெட் நோயை நினை.

காதோடு நிற்காதே. இருட்டில் தடுமாறுகிறானா? அஷர் நோயில் விழித்திரையும் கெடும். சிறுநீரில் ரத்தமோ புரதமோ இருக்கிறதா, தாய்மாமன் யாராவது டயாலிசிஸில் இருக்கிறாரா? ஆல்போர்ட் நோயாக இருக்கலாம். ஸ்ட்ரெப்டோமைசின், ஜெண்டாமைசின் ஊசி போட்டார்களா என்றும் கேள். தாய்வழி வரும் ஒரு மரபணு மாற்றம் இருந்தால் வழக்கமான அளவு மருந்தே காதைக் கெடுத்துவிடும். சொந்தத்தில் கல்யாணமா என்று கேட்கும்போது மட்டும் குரலைத் தாழ்த்திக்கொள். அந்த அம்மா வீட்டில் ஏற்கெனவே நிறையப் பேச்சு வாங்கியிருப்பார்.

அப்பாக்கள் ஹெட்போனைத்தான் திட்டுவார்கள். சத்தத்தால் வந்த பாதிப்பு பெரும்பாலும் 4000 ஹெர்ட்ஸ் பக்கம் பள்ளமாகத் தெரியும். அந்தப் பள்ளம் இல்லாவிட்டால் நீயும் சேர்ந்து பையனைத் திட்டாதே. ஒரு காது மட்டும் இறங்கினால் நரம்புக் கட்டி இல்லையென்று எம்.ஆர்.ஐ. எடுத்து உறுதி செய்.

இரண்டு காதும் வாரக்கணக்கில் வேகமாக இறங்கினால் இந்த நிதானமெல்லாம் கூடாது. உடலின் எதிர்ப்புச் சக்தியே உள்காதைத் தாக்கிக்கொண்டிருக்கலாம். சீக்கிரம் ஸ்டீராய்டு கொடுத்தால் கேட்பு திரும்ப வாய்ப்புண்டு. மரபணுச் சோதனை முடிவு வரட்டும் என்று உட்கார்ந்திருக்காமல் அன்றைக்கே மூத்த மருத்துவரை அழைத்து, மருந்தைத் தொடங்கலாமா என்று முடிவெடு.