குரலும் ஆளும்

பாடகியின் ஆண் ரசிகனைப் பற்றிய தமிழ்ப் படம் என்றால் மகேந்திரனின் ‘ஜானி’யைத்தான் (1980) சொல்வேன். பாடகி அர்ச்சனாவுக்கு ஸ்ரீதேவியின் முகம். குரலோ சுஜாதா, ஜென்ஸி, எஸ். ஜானகி என்று மூன்று பெண்களுடையது. ரசிகன் நேசிப்பது யாரை என்பதே சிக்கல்தான். அவளே முன்வந்து கல்யாணத்தைப் பற்றிக் கேட்கும்போது அவன் தயங்குகிறான். தன் வாழ்க்கை அதற்கு லாயக்கில்லை என்பது அவன் காரணம். குரலாக மட்டும் இருந்தவள் ஸ்தூலமாய் எதிரில் நின்று ஒன்றைக் கேட்டுவிட்ட பயமும் அதில் உண்டு என்று எனக்குப் படுகிறது.

வடுகபட்டிப் பூண்டு மண்டிகளில் ஜென்ஸிக்கென்றே சில ஆண்கள் இருக்கிறார்கள், அறுபதைத் தொட்டவர்கள். பண்ணைப்புரத்து இளையராஜா இவர்களுக்கு ‘நம்மாளு’. ஜென்ஸி என்றால் மட்டும் பேச்சு தணிந்துவிடும். அவர் தமிழில் பாடியது 1978 தொட்டுச் சில வருஷங்கள். கேரளத்தில் அரசுப் பள்ளி சங்கீத ஆசிரியை வேலை கிடைக்க, சினிமாவை விட்டார். இதை ஏதோ சாவுச் செய்தி மாதிரிச் சொல்கிறார்கள். வேலைக்குப் போன பெண் அந்தக் குரலுக்குத் துரோகம் செய்துவிட்டாளாம். (மாதச் சம்பளத்தில் ஜீவிக்கும் எனக்கு அந்த முடிவில் புதிர் ஏதுமில்லை.) இவர்களில் ஒருவர் தன் மகளை மூன்றாம் முறையாக ஆசிரியர் தகுதித் தேர்வுக்கு அனுப்பியிருக்கிறார்.