சோளக்காட்டு ஓடுபாதை

அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் மென்டோன் என்றொரு சிற்றூர். ஒரு காலத்தில் முட்டை வியாபாரத்துக்குப் பேர்போன இடம். அந்தப் பெருமைக்குச் சாட்சியாகக் கான்கிரீட்டில் ஒரு பெரிய முட்டையைச் செய்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள். பெல் ஹெலிகாப்டர்களுக்குப் பெயர் தந்த லாரன்ஸ் பெல் பிறந்ததும் இங்கேதான். அவர் பெயரில் ஒரு சின்ன அருங்காட்சியகம் உண்டு. 1962இல் தொடங்கிய பாப்புலர் ரோட்டர்கிராஃப்ட் அசோசியேஷன், மென்டோன் விமானத்திடலைத்தான் தன் இருப்பிடமாகக் கொண்டிருக்கிறது. வீட்டுக் கொட்டகையில் தானே பறக்கும் இயந்திரம் செய்துகொள்கிற ஆட்களின் சங்கம் அது. கோடையில் பல ஊர்களிலிருந்து கிளம்பி வந்து இங்கே கூடுவார்கள்.

என்னை இந்தப் பக்கம் இழுத்து வந்தவர் கோவைக்காரத் தம்பி ஒருவர். பக்கத்து ஊரான வார்சாவில் அவருக்கு வேலை. 1895இல் டிப்யூ என்ற கம்பெனி அங்கே எலும்பு முறிவுக்குக் கட்டும் சிம்புகளைச் செய்யத் தொடங்கியது. இன்று செயற்கை இடுப்பு, முழங்கால் மூட்டுகள் உலகம் முழுக்க அங்கிருந்து போகின்றன. தம்பி அப்படியொரு மூட்டு ஆலையில் பொறியாளர். "ஜைரோ ஓட்டக் கத்துக்கறேனுங்ணா. இன்னும் மேல போகல, தரையிலயேதான் ஓட்டிட்டிருக்கேன். வந்து பாருங்க" என்று ஒரு நாள் போனில் சொன்னார். தரையில் ஓட்டத்தான் சைக்கிள் இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டேதான் கிளம்பினேன்.

ஜைரோபிளேனைப் படத்தில் பார்ப்பவர்கள் அதைக் குட்டி ஹெலிகாப்டர் என்றே நினைப்பார்கள். தலைக்கு மேல் ரோட்டர் சுற்றுவது மட்டும்தான் ஒற்றுமை. ஹெலிகாப்டரில் எஞ்சின்தான் ரோட்டரைச் சுழற்றுகிறது. ஜைரோவில் எஞ்சினுக்கு அந்த வேலை இல்லை. அது முதுகுப் பக்கமிருக்கும் புரொப்பல்லரைச் சுழற்றி வண்டியை முன்னே தள்ளுகிறது. பின்பக்கம் சற்றே சாய்ந்திருக்கும் ரோட்டருக்குள் கீழிருந்து மேலாகக் காற்று புகுகிறது. அந்தக் காற்றிலேயே ரோட்டர் சுற்றுகிறது. நடுவானில் எஞ்சின் நின்றாலும் ரோட்டர் நிற்காது. சுற்றிக்கொண்டே இறங்கி ஒரு சிறு வயலில் உட்கார்ந்துவிடலாம். ஆனால் ஹெலிகாப்டரைப் போல அந்தரத்தில் நிற்க முடியாது.

ஜைரோவைக் கண்டுபிடித்தவர் ஹுவான் டி லா சியர்வா என்ற ஸ்பெயின்காரர். 1919இல் அவர் வடிவமைத்த மூன்று எஞ்சின் விமானம், தாழ்வாகத் திரும்பும்போது வேகம் குறைந்து விழுந்து நொறுங்கியது. வேகம் குறைந்தாலும் விழாத விமானம் வேண்டும் என்று அன்றைக்கே தேடத் தொடங்கினார். முதலில் செய்த மாதிரிகள் பக்கவாட்டில் கவிழ்ந்தன. காரணம் எளிது. வண்டி முன்னே போகும்போது ஒரு பக்கத்துப் பிளேடு எதிர்க்காற்றை நோக்கிப் போகிறது, அதற்குத் தூக்கும் சக்தி கூடுகிறது. மறுபக்கத்துப் பிளேடு காற்றோடு பின்வாங்குகிறது, அதற்குக் குறைகிறது. பிளேடின் அடியில் ஒரு கீல் வைத்து, அது மேலும் கீழும் அசைய இடம் கொடுத்தார் சியர்வா. 1923 ஜனவரியில் மாட்ரிட் அருகே அவருடைய இயந்திரம் பறந்தது. 1928இல் அதன் பிந்தைய வடிவம் ஒன்றில் ஆங்கிலக் கால்வாயைக் கடந்தார். 1936 டிசம்பரில், லண்டனின் குரோய்டன் விமான நிலையத்திலிருந்து பனிமூட்டத்தில் கிளம்பிய ஒரு சாதாரணப் பயணிகள் விமானம் விழுந்ததில் இறந்துபோனார்.

தம்பி கற்றுக்கொள்ளும் இடம் இரண்டு சோளக்காடுகளுக்கு நடுவே ஒரு புல்தரை ஓடுபாதை. ஓரத்தில் தகரக் கொட்டகை. உள்ளே முன்னும் பின்னுமாக இரண்டு இருக்கை வைத்த ஜைரோ. மூன்று சக்கரம், 100 குதிரைத்திறன் ரோடாக்ஸ் எஞ்சின். மேலே ஒரே நீட்டில் இரண்டு பிளேடுகள். நுனிக்கு நுனி ஏறத்தாழ எட்டரை மீட்டர். நடுவில் ஒரே ஒரு கீல். பிள்ளைகள் பூங்காவில் ஆடும் ஏற்ற இறக்கப் பலகை மாதிரி ஒரு பக்கம் ஏறினால் மறுபக்கம் இறங்கும். சியர்வாவின் கீல் இங்கே இப்படிச் சுருங்கியிருக்கிறது.

பயிற்சி தருபவருக்கு எழுபது வயதுக்கு மேலிருக்கும். அறுவடை இயந்திரம், டிராக்டர் பழுதுபார்த்துப் பிழைத்தவர். விரல்களில் எண்ணெய்க் கறை இன்னும் போகவில்லை. கிளம்புவதற்கு முன் பார்க்க வேண்டிய சோதனைப் பட்டியல், ரேடியோவில் பேசும் முறை, எடைக் கணக்கு என்று நீண்ட நேரம் போயிற்று. அதில் பாதி எனக்குப் புரியவில்லை, மீதி ருசிக்கவில்லை. ஸ்டிக் என்ற கட்டுப்பாட்டுக் கோலை அவர் தொட்ட பிறகுதான் எனக்கு விழிப்பு வந்தது.

முதல் பாடம், ரோட்டர் சுற்றாத நிலையில் தரையில் ஓட்டுவது. பிளேடுகளை வண்டியின் நீளவாக்கில் நிறுத்தி, ரோட்டர் பிரேக்கைப் பூட்டி, ஸ்டிக்கை முன்பக்கம் தள்ளிப் பிடித்துக்கொள்ள வேண்டும். வேகம், ஆள் நடக்கிற வேகம்தான். மேடு பள்ளத்தில் வேகமாகப் போனால் பிளேடு ஆடி, கீலின் தடுப்பில் மோதும். பெடல்கள் முன்சக்கரத்தோடும் வாலிலிருக்கும் சுக்கானோடும் பிணைக்கப்பட்டிருக்கின்றன. முன் இருக்கையில் என்னை உட்காரவைத்து, பின்னால் அவர் உட்கார்ந்துகொண்டார். கார் ஓட்டிப் பழகிய கை ஏதாவதொன்றைத் திருப்பத் துடிக்கிறது. இங்கே திருப்ப வேண்டியது கால். கையிலிருக்கும் ஸ்டிக் ரோட்டரைச் சாய்ப்பதற்கு மட்டுமே. சில நிமிடத்தில் கால் பழகிவிட்டது. கையைச் சும்மா வைத்திருக்கத்தான் பழக்கம் வரவில்லை.

"சும்மா வைக்கக் கூடாதுங்ணா, காத்து எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் சாய்ச்சுப் புடிக்கோணும்" என்று வெளியே நின்றபடி தம்பி கத்தினார். ரோட்டர் சுற்றும்போது தரையில் நகர்ந்தால் அந்த விதி உயிர் விஷயம். பக்கக் காற்று சுற்றும் வட்டத்துக்கு அடியில் புகுந்தால் வண்டி ஒருக்களித்துவிடும். பிளேடு நுனி தரையைத் தொட்டால் பிறகு அள்ளுவதற்குத் துண்டுகள்தான் மிஞ்சும்.

அடுத்தது ரோட்டரைச் சுற்றவைப்பது. இதற்கு மட்டும் எஞ்சினிலிருந்து கொஞ்ச நேரம் சக்தி கடன் வாங்கலாம். அதற்கான கருவிக்கு பிரீரொட்டேட்டர் என்று பெயர். சக்கர பிரேக்கைப் பிடித்து, ஸ்டிக்கை முன்னால் வைத்து, கிளட்சைச் சேர்த்தால் பிளேடுகள் மெல்ல நகரத் தொடங்கும். நிமிடத்துக்கு 200 சுற்று வரும்வரை காத்திருக்க வேண்டும். அப்போதே நுனியின் வேகம் மணிக்கு 320 கிலோமீட்டர். பிறகு கிளட்சை விட்டு, ஸ்டிக்கை முழுதும் பின்னால் இழுத்து, பிரேக்கை விட்டு உருள வேண்டும். எதிர்க்காற்று அடியில் புக, சுற்று 300ஐத் தாண்டும். மூக்கு தானாக எழும். எழுந்த உடனே ஸ்டிக்கைக் கொஞ்சம் முன்னே தளர்த்தி, முன்சக்கரம் தரைக்குச் சற்று மேலே நிற்க, பின்சக்கரங்களில் மட்டும் ஓட வேண்டும். ஓடுபாதை முடியும்வரை அப்படியே ஓடி, எஞ்சினைக் குறைத்து, மூக்கை இறக்கி, திரும்பி வந்து மறுபடியும் அதையே செய்ய வேண்டும். தம்பி வாரக்கணக்காகச் செய்துகொண்டிருந்தது இந்த ஓட்டத்தைத்தான். மூக்கு எழுந்த கணத்தில் முன்சக்கரத்துக்குத் தரையில் பிடி போய்விடுகிறது. வண்டியைத் திருப்பும் பொறுப்பு சுக்கானுக்கு மாறுகிறது. அந்த மாற்றத்தைக் காலால் உணர்ந்துவிட்டால் முக்கால் பாடம் முடிந்தது என்றார் பெரியவர்.

அவசரக்காரர்களுக்கு என்ன நடக்கும் என்று கேட்டேன். கொட்டகைச் சுவரைக் காட்டினார். வெட்டுப்பட்ட ஒரு சுக்கான் தொங்கியது. அவருடையதுதான்.

1970களில் ஒரு பத்திரிகை விளம்பரத்தைப் பார்த்துத் தபாலில் வரைபடம் வாங்கி, அலுமினியக் குழாய்களைச் சேர்த்து அவர் கட்டியது பென்சன் ஜைரோ. ரஷ்யாவில் பிறந்து அமெரிக்காவுக்கு வந்த ஈகோர் பென்சன், வட கரோலினாவிலிருந்து 1950களில் விற்கத் தொடங்கிய வடிவம் அது. ராணுவம் பீரங்கிப் பயிற்சிக்குச் சுட்டுத் தள்ளும் ஆளில்லா விமானங்களின் மெக்கல்லக் எஞ்சினைத்தான் அதில் பொருத்துவார்கள். சொல்லிக் கொடுக்க ஆள் இல்லை. முதலில் எஞ்சின் இல்லாமல் கயிறு கட்டி, மனைவி பிக்கப் வண்டியை ஓட்ட, பின்னால் பட்டமாகப் பறந்தார். பிறகு எஞ்சின். அந்தக் காலத்து வண்டியில் பிரீரொட்டேட்டர் கிடையாது. உட்கார்ந்தபடியே கையை உயர்த்திப் பிளேடைத் தள்ளித் தள்ளிச் சுற்றவிட வேண்டும். மீதிச் சுற்றைக் காற்று தரும்வரை ஊர்ந்து போக வேண்டும். ஒரு மாலையில் இருட்டுவதற்குள் ஒரு ஓட்டம் ஓடிவிடலாம் என்று எஞ்சின் வேகத்தைக் கூட்டும் த்ராட்டிலைத் தள்ளிவிட்டார்.

பிளேடை விறைப்பாக நீட்டி வைத்திருப்பது அதன் சுற்றுவேகம். சுற்று போதாமல் வண்டி மட்டும் வேகம் பிடித்தால், பின்வாங்கும் பிளேடு தூக்கும் சக்தியை இழந்து தொய்கிறது, எதிர்ப்பக்கம் எகிறுகிறது. முதலில் ஸ்டிக் கையில் உதறும். அந்த உதறலிலேயே த்ராட்டிலைக் குறைத்து ஸ்டிக்கை முன்னே தள்ளினால் பிழைக்கலாம். அவருக்கு அதைச் சொன்னவர் இல்லை. அடுத்த சுற்றில் பிளேடு வாலை வெட்டியது. அவருக்குக் காயமில்லை. ஆனால் அவரோடு சேர்ந்து கட்டிய நண்பர் அடுத்த கோடையில் வானத்தில் செத்தார். வழக்கமான விமானம் ஓட்டிப் பழகியவர் அவர். வேகம் குறைந்ததும் பழைய பழக்கத்தில் ஸ்டிக்கை முன்னே தள்ளினார். ரோட்டர் மீதிருந்த பாரம் கழன்றது. பின்னாலிருந்த புரொப்பல்லர் வண்டியை முன்புறமாகக் கவிழ்த்தது. அப்படிக் கவிழ்ந்தால் மீட்க நேரம் இருக்காது. பெரியவர் பல ஆண்டுகள் இதன் பக்கமே வரவில்லை. திரும்பியபோது ஓர் ஆசிரியரைத் தேடி மாநிலம் தாண்டிப் போய்க் கற்றுக்கொண்டு, தானும் ஆசிரியரானார்.

அமெரிக்கச் சட்டத்தில் ஒரு வசதி இருக்கிறது. ஒற்றை இருக்கை, எரிபொருள் இல்லாமல் 115 கிலோவுக்கும் குறைவான எடை என்றால் உரிமமே தேவையில்லை. 1982இல் வந்த விதி. அதைவிடப் பெரிய புது ஜைரோ வேண்டுமென்றால் பெரும்பாலோருக்கு வழி ஒன்றுதான் இருந்தது: பாதிக்கு மேல் தன் கையால் கட்ட வேண்டும். 2004இல் சின்ன விமானங்களுக்கென்று புதுப் பிரிவு வகுத்தபோது, ஆலையிலேயே முழுதாகக் கட்டி விற்கும் சலுகையை ஜைரோவுக்குத் தரவில்லை. ஆகவே கொட்டகைகளில் கட்டினார்கள். கட்டியவருக்கு வயதாகும்போது வண்டி விற்பனைக்கு வருகிறது. தரகர் வருகிறார்.

தம்பி இணையத்தில் பார்த்த விளம்பரத்தை எனக்குக் காட்டினார். பழைய ஒற்றை இருக்கை ஜைரோ. வாலில் கிடைமட்டத் தட்டே கிடையாது. மூக்கு கவிழாமல் நிதானப்படுத்துவது அந்தத் தட்டுதான். உரிமம் வேண்டாம், ஒரு மதியத்தில் கற்றுக்கொள்ளலாம், விழவே விழாது என்று எழுதியிருந்தது. தரகர் அந்த வண்டியில் உட்கார்ந்தவர்கூட இல்லை. விற்பவரிடமும் கமிஷன், வாங்குபவரிடமும் கமிஷன். கட்டியவருக்குத் தெரிந்த ரகசியங்கள், எந்தக் கீல் எப்போது மாற்றப்பட்டது, எந்த பிளேடு ஒருமுறை தரையைத் தொட்டது என்பதெல்லாம் அந்தக் கை மாறலில் காணாமல் போய்விடுகின்றன. சியர்வா கவிழ்ந்து கவிழ்ந்து கற்றதையும், இந்தப் பெரியவர் நண்பனைப் பறிகொடுத்துக் கற்றதையும் 'ஒரு மதியம்' என்று எழுதி விற்பவனை என்ன சொல்வது? விதையில் கலப்படம் செய்பவனை ஊரில் நிறுத்திக் கேட்போம். இவனை யாரும் கேட்பதில்லை. விபத்து அறிக்கையில் ஓட்டியவரின் பிழை என்று எழுதி மூடிவிடுகிறார்கள்.

ஆசிரியருக்கு என்ன கிடைக்கிறது? கையால் கட்டிய 'சோதனை வகை'யைச் சேர்ந்த தன் விமானத்தில் காசு வாங்கிக் கற்றுக்கொடுக்க அரசிடம் தனி அனுமதிக் கடிதம் பெற வேண்டும். காப்பீடு, எஞ்சின் பராமரிப்பு, பெட்ரோல் போக மிஞ்சுவது அவருடைய பழைய டிராக்டர் வேலையில் வந்ததைவிடக் குறைவு என்றார். அடிப்படையான ஸ்போர்ட் பைலட் உரிமத்துக்குச் சட்டம் கேட்பது 20 மணி நேரப் பறத்தல். அதில் 15 மணி ஆசிரியரோடு. கற்க வருபவர்கள் அந்த 15ஐத்தான் பேரம் பேசுகிறார்கள். தரகரின் கமிஷனில் பேரம் பேசியவரை அவர் பார்த்ததில்லை.

2025இல் அமெரிக்க விமானத் துறை அந்தச் சின்ன விமானப் பிரிவின் விதிகளை விரிவாக்கியது. ஆலையிலேயே முழுதாகக் கட்டிய ஜைரோக்கள் விற்பனைக்கு வர வழி பிறந்திருக்கிறது. நல்லதுதான், ஆலையில் செய்த வால் ஒழுங்காக இருக்கும். ஆனால் வண்டிகள் பெருகும் வேகத்தில் ஆசிரியர்கள் பெருகுவார்களா என்று கேட்டேன். பெரியவர் தன் வாடிக்கையைச் சொன்னார். யார் எங்கே பழைய ஜைரோ வாங்கினாலும், பறப்பதற்கு முன் தன் கொட்டகைக்கு டிரெய்லரில் கொண்டுவந்தால் இலவசமாகப் பார்த்துச் சொல்வார். வருடத்தில் ஓரிருவர் கொண்டுவருகிறார்கள். ஓட்டிப் பார்த்துவிட்டு, உடைந்ததைக் கொண்டுவருபவர்கள் அதைவிட அதிகம். அதை ஒட்டுவதற்கு மட்டும் காசு வாங்குவார்.

தம்பி அந்த விளம்பர வண்டிக்கு ஏற்கெனவே முன்பணம் கொடுத்திருந்தார். வண்டியே வேண்டாமென்று அதை விட்டுவிட்டார். தரகர் திருப்பித் தர மறுத்துவிட்டாராம். "போனாப் போகுதுங்ணா, டியூசன் பீஸ்னு நெனச்சுக்கறேன்" என்றார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. பீஸ் என்பது கற்றுக்கொடுத்தவருக்குத் தருவது. அந்தப் பணத்தைத் தரகரிடமிருந்து வாங்கியே ஆக வேண்டும் என்று அங்கேயே உட்காரவைத்துக் கடிதம் எழுதவைத்தேன்.