சொன்ன பேச்சைக் கேட்பது

எங்கள் பாட்டிக்குப் பிள்ளைகளை அளக்க ஒரே ஓர் அளவுகோல்தான் இருந்தது. "சொன்ன பேச்சக் கேக்குமா?" என்று விசாரிப்பார். பேராக்கில் ஒரு தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர் அவர். விடியுமுன் பெரட்டுக்குப் போன காலத்திலும் முழங்காலில் நின்று ஜெபிக்காமல் வீட்டைவிட்டு இறங்கியதில்லை என்று அம்மா சொல்வார். நான் தமிழ்ப்பள்ளியில் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்கியதும், கண் மங்கிய பாட்டிக்கு வேதாகமம் வாசித்துக் காட்டும் வேலை எனக்கு வந்தது. பின்னர் தேசிய இடைநிலைப்பள்ளியில் பாடங்கள் மலாய்மொழிக்கு மாறின. என் ஜெபம் மட்டும் தமிழிலேயே நின்றுவிட்டது.

கடவுளை நேசிப்பதில் எனக்குச் சிரமம் இருந்ததேயில்லை. திருச்சபையின் பாடகர் குழுவில் பாடுவேன். பாடும்போது கண் கலங்கும். அந்தக் கண்ணீர்தான் அன்பு என்று நினைத்திருந்தேன்.

அப்பா இறந்ததும், அண்ணன் ஐந்தாம் படிவத்தோடு படிப்பை நிறுத்திவிட்டுத் தொழிற்சாலை வேலைக்குப் போனார். நான் பல்கலைக்கழகத்துக்கு வந்தேன். இரண்டாம் ஆண்டு விடுமுறையில் வீட்டில் ஒரு வாக்குவாதம். "படிக்காதவங்களுக்கு இதெல்லாம் புரியாது" என்று அண்ணனிடம் சொல்லிவிட்டேன். யாருடைய சம்பளத்தில் படிக்கிறேன் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தேதான் சொன்னேன். அதன்பின் எட்டு மாதம் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. அந்த எட்டு மாதமும் ஒரு ஞாயிறுகூடத் தவறாமல் நான் பாடினேன்.

ஒரு ஞாயிறு, திருவிருந்துக்கு முன் போதகர் மத்தேயு 5ஆம் அதிகாரத்தை எடுத்தார். காணிக்கையோடு பலிபீடம் வரை வந்துவிட்டவனை இயேசு திருப்பி அனுப்பும் பகுதி அது. 'உனக்கு யார்மீது கோபம்?' என்று அவர் அங்கே கேட்கவில்லை. உன்மீது வருத்தமாயிருக்கும் சகோதரனிடம் முதலில் போ என்கிறார். போதகர் இன்னொன்றும் சொன்னார். அந்த மலைப் பிரசங்கம் நடந்தது கலிலேயாவில். பலிபீடம் இருந்ததோ எருசலேமில். நடந்து போனால் பல நாள் பயணம். காணிக்கையை வைத்துவிட்டு ஊர் திரும்பி, மறுபடியும் வரவேண்டும்!

கோலாலம்பூரிலிருந்து எங்கள் தைப்பிங்குக்குப் பேருந்தில் ஏறக்குறைய நான்கு மணி நேரம்தான். ஆனாலும் போகவில்லை. "இந்த இடுபணி முடியட்டும், ஆண்டவரே" என்றேன். பிறகு, "தேர்வு முடியட்டும்" என்றேன். மத்தேயு 21இல் ஒரு தகப்பன் இரு மகன்களைத் திராட்சைத் தோட்டத்து வேலைக்கு அனுப்புகிறார். மாட்டேன் என்ற ஒருவன் பிறகு மனம் மாறிப் போகிறான். போகிறேன் என்று மரியாதையாகச் சொன்னவன் போகவேயில்லை. அந்த மரியாதைக்காரப் பிள்ளை நான்தான்.

முதன்மையான கட்டளை எது என்று கேட்டவருக்கு இயேசு உபாகமம் 6ஆம் அதிகாரத்தைச் சொன்னதாக மாற்கு 12இல் வாசிக்கிறோம். முழு உள்ளத்தோடு கடவுளை நேசி என்பது அந்தக் கட்டளை. ஆனால் அந்தப் பகுதியின் முதல் சொல் 'நேசி' அன்று; 'கேள்'. எபிரேயத்தில் 'ஷெமா'. காதால் கேட்பது, கீழ்ப்படிவது என்ற இரு பொருளும் அச்சொல்லுக்கு உண்டாம். இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. பாட்டியின் 'கேக்குமா'வுக்கும் அதே இரு பொருள்தானே! தமிழில் மூன்றாவதாக ஒன்றும் உண்டு: மன்னிப்புக் கேட்பது.

தேர்வுக்கு முந்திய வெள்ளிக்கிழமை ஊருக்குப் போனேன். அண்ணன் வாசலில் மோட்டார் சைக்கிளைப் பழுது பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, அன்னிக்கு நான் சொன்னது தப்பு. மன்னிச்சிருங்க."

அவர் நிமிரவில்லை. வெகுநேரம் கழித்து, "அந்த டார்ச்லைட்ட கொஞ்சம் பிடி" என்றார். வேலை முடியும்வரை பிடித்துக்கொண்டு நின்றேன்.

எல்லாம் பழையபடி ஆகிவிட்டது என்று சொல்லமாட்டேன். அண்ணன் இன்னும் அளந்துதான் பேசுகிறார். அவர் மன்னிப்பது அவர் கையில். போய்க் கேட்பது மட்டுமே எனக்குச் சொல்லப்பட்டது. அடுத்த ஞாயிறு பாடியபோது எனக்குக் கண்ணீர் வரவில்லை. ஆனால் எதையும் மறைத்துக்கொண்டு பாடவில்லை.

நண்பர்களே, இதை வாசிக்கும் உங்களில் பலர் வேறு சமயத்தவர். கடவுளை நேசிக்கிறேன் என்று எந்தச் சன்னிதியிலும் எளிதாகச் சொல்லிவிடலாம். அவர் சொன்னவற்றுள் நாம் நாள்தள்ளி வைத்திருக்கும் அந்த ஒன்றைச் செய்வதுதான் கடினம். பாட்டி இப்போது இல்லை. சொன்ன பேச்சைக் கேட்குமா என்ற அவருடைய கேள்வி மட்டும் என்னோடு இருக்கிறது.