கொல்லைப்புறத்தில் ஒரு விண்முகில்

அமெரிக்காவின் கெண்டக்கி மாநிலத்தில், ஒகையோ ஆற்றங்கரையில் படூக்கா என்னும் சிறுநகர் உள்ளது. 2004 ஆம் ஆண்டு சனவரி 23 ஆம் நாள் இரவு, அப்பகுதியைச் சேர்ந்த ஜே மெக்நீல் தம் வீட்டுக் கொல்லைப்புறத்தில் தொலைநோக்கியை நிறுத்தி வானத்தைப் படமெடுத்தார். வானியல் அவருக்குத் தொழிலன்று, விருப்பம். அவர் பயன்படுத்திய தொலைநோக்கியின் வில்லை 7.6 சென்டிமீட்டர் அகலமே உடையது. மாணவர் கையிலுள்ள அளவுகோலில் கால் பங்கு எனலாம். அதே காலத்தில் அவாய்த் தீவின் மலையுச்சியில் எட்டு மீட்டரும் பத்து மீட்டரும் அகலமுள்ள ஆடிகள் விண்ணை ஆராய்ந்துகொண்டிருந்தன.

அவர் குறிவைத்தது புதிய பொருள் எதையும் அன்று. மார்கழி, தை மாதங்களின் முன்னிரவில் கீழ்வானத்தில் எழும் ஓரியன் கூட்டத்தை நம் நாட்டுச் சிற்றூர்களிலும் காணலாம். இடையில் வரிசையாக மூன்று விண்மீன்கள். அவற்றிற்கு வடக்கே செந்நிறத்தில் திருவாதிரை. மூன்றில் கிழக்கு முனையிலுள்ள விண்மீனிலிருந்து ஏறத்தாழத் திருவாதிரையின் திசையில் சற்றே நகர்ந்தால் எம் 78 என்னும் விண்முகில் இருக்கும் இடத்தை அடையலாம். பியர் மெசேன் என்னும் பிரெஞ்சு வானியலாளர் 1780 இல் கண்டறிந்தது அது. தனக்கென ஒளியின்றி, உள்ளிருக்கும் விண்மீன்களின் ஒளியைச் சிதறடித்துக் காட்டும் தூசுப்படலம். விருப்பத்திற்காக வானைப் படமெடுப்போர் பலரும் அதனை எடுத்திருக்கின்றனர்.

இருளுக்குப் பழகிய மனிதக் கண்ணின் பாவை ஏறத்தாழ ஏழு மில்லிமீட்டர் விரியும். மெக்நீலின் சிறிய வில்லைகூட அதனைவிட நூறு மடங்குக்கும் மேலான ஒளியைத் திரட்டவல்லது. அதைவிடப் பெரிய வேறுபாடு ஒன்றுண்டு. கண் தான் பெற்ற ஒளியைச் சேர்த்து வைப்பதில்லை. நொடிக்கு நொடி உதறிவிட்டுப் புதிதாகப் பார்க்கிறது. ஒளிப்படக் கருவியின் உணரியோ மழைநீரை ஏந்தும் பாத்திரம் போன்றது. நிமிடக்கணக்கில் திறந்து வைத்தால், சொட்டுச் சொட்டாக விழும் ஒளியும் அதில் சேர்ந்துகொண்டே இருக்கும்.

ஆனால் அந்தப் பாத்திரத்தில் மழைநீர் மட்டுமா விழுகிறது? உணரியின் வெப்பம் தானாகவே பொய்யான மின்னணுக்களை எழுப்பும். ஊர் விளக்குகளின் மங்கலான வெளிச்சம் வானெங்கும் பரவியிருக்கும். கண்ணாடியில் ஒட்டிய தூசு வளைய வடிவில் நிழலிடும். செயற்கைக்கோள் ஒன்று குறுக்கே கோடு கிழித்துச் செல்லும். வில்லைகளுக்குள் எதிரொளிக்கும் விண்மீனின் ஒளி, இல்லாத இடத்தில் ஒரு பொய்ப் பிம்பத்தை உண்டாக்கும். முதலில் கணினிக்கு வரும் படம் பெரும்பாலும் கருமையாகவும் அழுக்காகவும் இருப்பதற்குக் காரணம் இவையே.

ஆகவே, படமெடுக்கும் பணியில் பாதி, இரவு முடிந்த பிறகே தொடங்குகிறது. தொலைநோக்கியின் வாயை மூடி, அதே வெப்பநிலையில் அதே நேர அளவுக்கு ஒரு வெற்றிருள் படம் எடுப்பர். அதில் பதிவது உணரியின் குறை மட்டுமே. அதனை உண்மைப் படத்திலிருந்து கழித்துவிடலாம். சீரான அந்திவானத்தை ஒருமுறை எடுத்துக்கொண்டு, அதனால் வகுத்துத் தூசு நிழலை நீக்குவர். பின்னர், பல படங்களை விண்மீன்கள் ஒன்றன்மேல் ஒன்று பொருந்துமாறு அடுக்கிச் சராசரி காண்பர். பதினாறு படங்களை இவ்வாறு அடுக்கினால், தாறுமாறாகத் தோன்றும் புள்ளி இரைச்சல் கால் பங்காகக் குறையும். விண்முகிலின் ஒளி குறைவதில்லை. அது எல்லாப் படங்களிலும் அதே இடத்தில் இருப்பதன்றோ!

இறுதிப் படியே கடினமானது. விண்முகிலின் மெல்லொளி, கருமைக்குச் சற்று மேலே சில படிகளுக்குள் ஒடுங்கிக் கிடக்கும். அப்படிகளை விரித்து உயர்த்தினால்தான் அது கண்ணுக்குப் புலனாகும். உயர்த்தும்போது மிச்சமிருக்கும் அழுக்கும் உடன் உயரும். துடைக்கும் கருவிகள் கணினியில் எத்தனையோ உள்ளன. கைப்பேசிப் படத்தில் முகப்பரு மறைவதைப் போல, வேண்டாத கறை ஒன்றை நொடியில் மறைத்துவிடலாம். எது கறை, எது வானம் என்பதைக் கருவி சொல்வதில்லை.

மெக்நீல் தம் படத்தை இவ்வாறு சீர்செய்துகொண்டிருந்தபோது, எம் 78 இன் தென்மேற்கே விசிறி போன்ற சிறு ஒளித்திட்டு ஒன்று இருந்தது. அது பழைய வான்படங்களில் இல்லை. கலிபோர்னியாவின் பாலமர் மலையிலிருந்து 1950களில் வானத்தைப் பகுதி பகுதியாக எடுத்த படத்தொகுப்பிலும் அங்கே அத்தகைய ஒளி கிடையாது. இத்தகைய இடத்தில் முதலில் ஐயப்படுவதே முறை. வெப்பத்தால் எழுந்த புள்ளியாயின் அதற்கு உருவம் இராது. எதிரொளிப்பாயின் தொலைநோக்கியைச் சிறிது திருப்பினால் இடம் மாறும். வால்மீனாயின் விண்மீன்களிடையே நகர்ந்து செல்லும். அந்தத் திட்டு இவற்றுள் எதுவுமாக இல்லை. செய்தி, அவாய்ப் பல்கலைக்கழகத்தின் போ ரைபூர்த் என்னும் வானியலாளரிடம் சென்றது. பிப்ரவரியில் பன்னாட்டு வானியல் ஒன்றியத்தின் சுற்றறிக்கை அதனை உலகுக்கு அறிவித்தது. அந்த மாதமே அவாய்த் தீவின் 8.1 மீட்டர் ஜெமினி தொலைநோக்கி அத்திசையில் திரும்பியது. ஓரியன் கூட்டம் மே மாதத்தில் கதிரவனின் ஒளியில் மறைந்துவிடும் என்பதால், ஆய்வாளர்களுக்குக் கிடைத்த காலம் சில மாதங்களே.

அங்கே தூசுக்குள் புதைந்த இளம் விண்மீன் ஒன்று இருந்தது. வி 1647 ஓரியன் என்பது அதன் பெயர். அதனைச் சுற்றியுள்ள வட்டிலிருந்து பொருள் திடீரென மிகுதியாக அதன்மேல் வீழ, அது பன்மடங்கு பொலிவுற்றது. அவ்வொளி தூசுப்போர்வையின் திறப்பு வழியே வெளியேறி, அருகிலிருந்த தூசை விளக்கேற்றியதுபோல் காட்டியது. சந்திரா விண்தொலைநோக்கி அதன் எக்ஸ் கதிர்களும் பெருகியதைக் கண்டது. விண்மீன் ஒன்று பொருளை உண்டு வளரும் நிலையை அவர்கள் நேரில் பார்த்துக்கொண்டிருந்தனர். நேரில் என்பதும் ஒரு வழக்குத்தான்; அவ்வொளி புறப்பட்டு 1300 ஆண்டுகளுக்கு மேலாகிறது. விண்முகிலுக்கு மெக்நீலின் பெயரே நிலைத்தது.

பழைய பதிவுகளைத் தேடியபோது இரண்டு உண்மைகள் வெளிவந்தன. 2003 நவம்பரிலேயே அந்த விண்மீன் பொலிவுறத் தொடங்கியிருந்தது. வேறு கருவிகளில் அது பதிவாகியும் இருந்தது. மற்றொன்று இன்னும் வியப்பானது. எவரெட் கிரைமர் என்னும் அமெரிக்க ஆர்வலர், உலர்பனியால் குளிர்வித்த படச்சுருளில் 1966 அக்டோபர் 22 அன்று எம் 78 ஐ எடுத்திருந்தார். அப்படத்திலும் அதே திட்டு இருந்தது! ஜான் மல்லாசும் அவரும் இணைந்து 1978 இல் வெளியிட்ட மெசியர் ஆல்பம் என்னும் நூலில் அது அச்சாகியும் இருந்தது. வான்பார்வையாளர் பலரின் மேசையில் கிடந்த நூல் அது. பக்கத்தைப் புரட்டியோர் அத்திட்டைக் கண்டிருக்கலாம். வேறொரு படத்துடன் ஒப்பிட்டுக் கேள்வி எழுப்பியவர் இலர். அதற்காக அவர்களைக் குறை கூற இயலாது. கிரைமருக்கும் அது இன்னதென்று தெரிந்திராது. ஆயினும் அதனை அவர் அழகுக்காக நீக்கிவிடவில்லை. அந்த விண்மீன் இதற்கு முன்னும் ஒருமுறை இவ்வாறு பொங்கியது என்று 2004 இல் ஆய்வாளர்கள் கூறமுடிந்தது அந்தப் படத்தினால்தான்.

இரண்டாண்டுகளுக்குள் மெக்நீலின் விண்முகில் மங்கியது. 2008 இல் மீண்டும் ஒளிர்ந்தது. பத்தாண்டுகள் கழித்து மறுபடியும் மங்கியது. எம் 78 ஐப் படமெடுப்போர் இப்போதெல்லாம் படத்தைச் சீர்செய்து முடிப்பதற்கு முன், அதன் தென்மேற்கு மூலையைப் பெரிதாக்கி ஒருமுறை பார்த்துக்கொள்கின்றனர். பல இரவுகளில் அங்கே இருள் மட்டுமே இருக்கிறது.