தலைமாட்டுக்கு ஒரு ரேடியோ

"மொபைல்லயே எல்லாம் வருதே, ரேடியோ எதுக்கு?"ன்னு கேப்பீங்க. 2018 நவம்பர் 16 விடியக்காலையில கஜா கரை கடந்தப்போ நம்ம புதுக்கோட்டை மாவட்டத்துல கரண்டும் போச்சு, டவரும் போச்சு. எங்க வீட்டுல பேசினது தாத்தாவோட பேட்டரி செட்டு மட்டும்தான். அது இப்போ ஓய்ஞ்சுடுச்சு. புதுசு தேடினதுல தெரிஞ்சுக்கிட்டது இது.

முதல்ல, கடையில கிடைக்கிற பென்சில் செல்லுல ஓடணும். சார்ஜ் ஏத்தினாத்தான் பாடும்னா புயலுக்கு உதவாது. அடுத்து, மீடியம் வேவ் கட்டாயம். திருச்சி வானொலி 936 கிலோஹெர்ட்ஸ்ல வருது. சிற்றலைக்கு 49, 41, 31 மீட்டர் பேண்டுகள் போதும். ராத்திரியில உயர் அலைவரிசைகள் அயனி மண்டலத்தைத் துளைச்சுக்கிட்டுப் போயிடும். இந்த மூணும் திரும்பி வரும். நிலையங்கள் நெருக்கமா இருக்கும், அதனால எண் காட்டுற டிஸ்ப்ளே நல்லது. எஸ்எஸ்பி வசதி ஹாம் ஆட்களுக்கு. அதுக்குக் கூடுதல் காசு வேண்டாம்.

பிபிசி தமிழோசையே 2017 ஏப்ரல் 30-ஓட நின்னுடுச்சு. சிற்றலையில தமிழ் குறைஞ்சுக்கிட்டே வருது. அதனால விலை உயர்ந்த செட்டு தேவையில்லை. எல்இடி பல்பு, சார்ஜர் பக்கத்துல மட்டும் வைக்காதீங்க. ஒரே இரைச்சலா இருக்கும்.

அடுத்த லீவுல ஊருக்குப் போறப்போ வாங்கிட்டுப் போங்க. கூடவே ரெண்டு ஜோடி செல்லும்.